பூண்டு ஊறுகாயும் நாற்பது பக்க நோட்டும்

மதுரை
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஊறுகாய்,

(இந்த வயதிலும் இந்தப் பெயரா என்று உன் வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஹாஸ்டலில் வைத்த பெயரை நான் மாற்றுவதாக இல்லை.)

தை மாதம் நீ அனுப்பிய பூண்டு ஊறுகாய் பிரமாதம் என்று போனில் சொன்னேனே, அது பொய். ஒரு பல் கூட நான் தொடவில்லை. பாட்டிலைக் காலி செய்தது அவரும் என் மாமியாரும்தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக வயிறு சரியில்லை. மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் உப்பிக்கொள்ளும். ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டுப் புடவையைத் தளர்த்திக் கட்டுவேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை பாத்ரூம். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பால்தான் என்றாள் நாத்தனார். எட்டு மாதம் கடுங்காபி குடித்தேன், ஒன்றும் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஏதோ ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டி, சாப்பிடக்கூடாதவை என்று இரண்டு பக்கப் பட்டியல் வாங்கி வந்திருந்தாள். அதில் அரிசியும் இருந்தது! ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதத்தை வைத்துச் செய்வதாம் அது. நாம் அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு அது உடம்பில் இருப்பது சகஜம், ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே இதை நம்பவேண்டாம் என்கின்றன என்று பிறகு டாக்டர் சொன்னார்.

கோதுமையை மட்டும் நான் நிறுத்தாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டர் முதலில் சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கிற குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் கெட்டுப்போவது) இருக்கிறதா என்றுதான் பார்த்தார். முன்கூட்டியே கோதுமையை விட்டுவிட்டால், நோய் இருந்தாலும் அந்த ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிடுமாம். எனக்கு அது இல்லை, தைராய்டும் சரி. ஐபிஎஸ் (போலீஸ் இல்லை, குடல் சரியாக இயங்காமல் உப்பலும் வயிற்றுப்போக்கும் தருகிற கோளாறு) என்று முடிவு செய்து ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். ஃபாட்மேப் என்று ஒரு முறை, மெல்போர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 வாக்கில் கொண்டுவந்தது என்று விளக்கினாள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கின்றன, வாயு உண்டாகிறது, கூடவே தண்ணீரையும் இழுக்கின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான். பருப்பு, கடலையில் இன்னொரு வகை. பாலில் லாக்டோஸ். மாம்பழத்தில் மிஞ்சிய ஃப்ரக்டோஸ். எல்லாவற்றையும் நாலு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சின்ன வெங்காயம் இல்லாத சாம்பாரை நினைத்துப் பார். அது கூடப் பரவாயில்லை, பருப்பும் இல்லை என்றால் அதை எந்தப் பெயரில் அழைப்பது? மூன்றாம் நாளே மாமியார், "தினமும் அமாவாசையா நம்ம வீட்டுல?" என்று கேட்டார். ஆனால் அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. வெங்காயம் பூண்டு இல்லாமல் ருசியாகச் சமைக்க அவரைவிட யாருக்குத் தெரியும்? மிளகுக் குழம்பு, புளி ரசம், எலுமிச்சை சாதம், பொட்டுக்கடலை சேர்க்காத தேங்காய்த் துவையல் என்று அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இட்லிக்கு டயட்டீஷியன் தடை போடவில்லை, இரண்டோடு நிறுத்தச் சொன்னாள். பெருங்காயப் பொடி டப்பாவைத் திருப்பிப் படித்தால் அதில் மைதா. ஒரு சிட்டிகையால் எனக்கு ஒன்றும் ஆகாது, சீலியாக் உள்ளவர்கள் கட்டாயம் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றாள்.

முதல் வாரத்தில் ஒரு சாமர்த்தியம் செய்தேன். ரசத்தில் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, பரிமாறும்போது பூண்டை மட்டும் பொறுக்கி எறிந்தேன். அன்று மாலை நான் பட்ட பாடு! ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எறிந்தாலும் சங்கதி ரசத்திலேயே தங்கிவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? இப்போது நல்லெண்ணெயில் முழுப் பல்லைச் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறேன். வாசனை அப்படியே இருக்கிறது. ஆனால் அன்றன்றைக்குத்தான். பூண்டு எண்ணெயை வெளியே வைத்திருந்தால் பொட்டுலிசம் கிருமி வளரும் என்று டயட்டீஷியன் எச்சரித்திருக்கிறாள்.

மூன்றாவது வாரம் வயிறு அடங்கியது. அந்த நிம்மதியில், இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. "கூடாது மேடம், நிறுத்துவது பரிசோதனைக்குத்தான், இதுவே சாப்பாடு இல்லை" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்குள் நான் மூன்று கிலோ இளைத்திருந்தேன், அது வேறு.

திருப்பிச் சேர்ப்பதுதான் கஷ்டமே. ஒரு பொருளை மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி, அதன் பிறகுதான் அடுத்தது. கல்லூரி லேபில் சால்ட் அனாலிசிஸ் அன்றைக்கு ஒரே டெஸ்ட் ட்யூபில் இரண்டு ரீஏஜெண்டை ஊற்றிவிட்டு, மஞ்சள் வீழ்படிவு எதனால் வந்தது என்று முழித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நானும் அதையே செய்தேன். கோதுமை வாரத்தின் இரண்டாம் நாள் பள்ளியில் ஒரு பிரிவு உபசார விழா. புரோட்டாவும் கோதுமைதானே என்று இரண்டு எடுத்தேன், கூடவே சால்னாவையும் ஊற்றிக்கொண்டேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. குற்றவாளி புரோட்டாவா, சால்னாவில் அரைத்த வெங்காயமா? மறுபடி முதலிலிருந்து.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தைக் கேள்.

"செவ்வாய். பூண்டு அரைப் பல், மதிய ரசத்தில். நாலு மணிக்கு லேசான உப்பல். இரவு சரி. புதன். ஒரு பல். இரண்டரைக்கே ஆரம்பம், கடைசி பீரியட் நின்றுகொண்டே எடுத்தேன். வியாழன். நிறுத்தியாச்சு."

தூக்கம் கெட்ட நாள், விடைத்தாள் திருத்தப் போன நாள் எல்லாம் ஓரத்தில் குறித்திருக்கிறேன். அந்த நாட்களில் ஒன்றும் சாப்பிடாமலே வயிறு கலக்கும்.

பால் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. முதல் நாள் கால் டம்ளர், அடுத்து அரை, அடுத்து முழு டம்ளர். வயிறு சும்மா கிடந்தது. எட்டு மாதக் கடுங்காபி தண்டம்! இப்போது காலையில் டிகாக்‌ஷன் விட்டுப் பால் காபி குடிக்கும்போதெல்லாம் நாத்தனாரை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன். சப்பாத்தி இரண்டு ஒத்துக்கொள்கிறது, நாலு ஆகவில்லை. சாம்பார் ஒரு கரண்டி சரி, கொண்டைக்கடலைச் சுண்டல் சரியில்லை. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் தேவலாம். வெங்காயம் அளவு மீறினால் தொந்தரவு. வெங்காயத் தாளில் பச்சைப் பகுதி மட்டும் போட்டால் பிரச்சினை இல்லை. பூண்டுதான் பெரிய வில்லன். டயட்டீஷியன் அதையும் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

உன் மகளுக்கு இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கியதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இந்த நோட்டு வேலையை அவளிடம் காட்டிவிடாதே, ஊறுகாய். என்னுடையது வயிற்றுத் தொந்தரவு, அவளுடையது அலர்ஜி மாதிரித் தெரிகிறது. அடுத்த தடவை மூச்சு முட்டும்படி ஆகலாம். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப் போ, அதுவரை இறாலும் நண்டும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். என்ன சொன்னார் என்று உடனே போன் செய்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். உன் பாட்டிலும் கழுவிக் காய்ந்து அலமாரியில் இருக்கிறது. நார்த்தங்காய் போட்டுக் கொண்டு வா, பூண்டு வேண்டாம். அவருக்குத் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் பூண்டு ஊறுகாய் கொண்டுவந்தாலும் சரி, அதை அவரே ஒளித்து வைத்துக்கொள்ளட்டும்.

உன்
கெமிஸ்ட்ரி