பெஃப்ஸ்த்ரோகனவ் கேட்டாயே, மாப்ளே

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாயே, அது என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இங்கே பெரிய செய்தி ஒன்றுதான். என் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். பிப்ரவரி மாதம், தூக்கத்திலேயே. 92 வயது. உனக்கு அவரை நன்றாக நினைவிருக்கும். 1986 புத்தாண்டு ராத்திரி நம் இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்தார். நீ மூன்று ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார விடாமல் சமையலறையில் அடுப்பு ஓரமாக நாற்காலி போட்டுக் கொடுத்தாரே, அவர்தான். வீட்டை ஒழித்தபோது என் மனைவி போட்டோக்களையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டாள். நான் கேட்டது அவருடைய வார்ப்பிரும்பு வாணலி ஒன்றைத்தான். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், அவ்வளவு கனம். உள்பக்கம் கண்ணாடி மாதிரி கறுத்துப் பளபளக்கும். நீ கேட்டிருந்த பெஃப்ஸ்த்ரோகனவை, அதாவது கடுகும் புளிப்புக் க்ரீமும் சேர்த்த மாட்டிறைச்சியை, நேற்று அதில்தான் செய்தேன்.

“நம் ஹாஸ்டல் ஸ்தலோவயாவில், அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில், வியாழக்கிழமை மீன் நாள் முடிந்து வெள்ளிக்கிழமை போடுவார்களே, மாட்டுக்கறியும் வெள்ளைக் குழம்பும், அதை இங்கே செய்ய முடியுமா?” என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் அதைச் செய்யாதே, மாப்ளே. நாம் அங்கே வாங்கித் தின்றது வேறு. தொடைக்கறியை நறுக்கி இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, மாவைக் கரைத்து ஊற்றிய குழம்பு அது. பசியில் ருசித்தது. பெஃப்ஸ்த்ரோகனவ் என்பது கொதிக்கவைக்கும் சமையலே இல்லை. அடுப்பில் இறைச்சி இருக்கும் நேரம் மொத்தமாகச் சேர்த்தால் ஐந்து நிமிஷம்கூட வராது. இதை எனக்குப் புரியவைக்க மாமியாருக்கு இரண்டு வருஷம் ஆனது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். நான்கு பேருக்கு 600 கிராம் இறைச்சி. இங்கே ‘வீரெஸ்கா’ என்று கேட்டு வாங்குவோம், முதுகெலும்பின் உள்பக்கம் ஓடும் அந்த மிருதுவான துண்டு. உங்கள் ஊர்க் கடையில் ‘அண்டர்கட்’ என்று கேள், தருவார்கள். நான் கூஸ்னெச்னி சந்தையில் வாங்கினேன், விளாதிமிர்ஸ்கயா மெட்ரோவை விட்டு வெளியே வந்தால் இரண்டு நிமிஷ நடை. இறைச்சியை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடு, விறைத்து நிற்கும், மெல்லிசாக நறுக்க வரும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே வெட்டு. நார் போகும் போக்கிலேயே வெட்டினால் எவ்வளவு நல்ல கறியும் மெல்ல முடியாத கயிறாகிவிடும். சுண்டுவிரல் நீளம், அதில் பாதிப் பருமன், அது போதும். வெட்டியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடு. உப்பு அடுப்பில் போடும்போதுதான்.

வாணலி புகைகிற அளவுக்குக் காயட்டும். கொஞ்சம் எண்ணெய், அதன் மேல் ஒரு துண்டு வெண்ணெய். கறியை ஒரே தடவையில் கொட்டாதே. ஒரு கைப்பிடி போடு, ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பு, முப்பது எண்ணும்வரை கரண்டியை உள்ளே விடாதே. அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு புரட்டு, இன்னும் பத்து எண்ணி, எடுத்துத் தட்டில் வைத்துவிடு. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், இருக்கட்டும். அப்புறம் அடுத்த கைப்பிடி. மொத்தத்தையும் சேர்த்துப் போட்டால் இறைச்சி தண்ணீர் விடும், இரும்பின் சூடு இறங்கிவிடும், வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். நான் கல்யாணமான புதிதில் அப்படித்தான் செய்து வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் வந்து, நான்கு தடவையாகப் பிரித்துப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அதே வாணலியில் தீயைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, இரண்டு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி வதக்கு. நிறம் மாறவேண்டாம், குழைந்தால் போதும். ஒரு ஸ்பூன் மைதா தூவி, பச்சை வாசனை போகக் கிளறி, ஒரு டம்ளர் எலும்புச் சாறை ஊற்று. அடியில் ஒட்டியிருக்கும் காந்தலையெல்லாம் சுரண்டிக் கரைத்துவிடு, ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. கெட்டியானதும் ஒரு டீஸ்பூன் அரைத்த கடுகு, மிளகுத்தூள். பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்து 200 கிராம் ஸ்மெதானா, அதாவது இங்கத்திய புளிப்புக் க்ரீம். தட்டில் வைத்த கறியையும் அது விட்ட சாறையும் சேர்த்து, ஓரத்தில் ஒரு குமிழி எழும்பியதும் இறக்கிவிடு.

ஸ்மெதானா அங்கே கிடைக்காது. நம் தயிரை அப்படியே ஊற்றினால் திரிந்துவிடும். கொழுப்பு குறைவு, புளிப்பு கூட. இங்கே நான் 25 சதவிகிதக் கொழுப்புள்ளது வாங்குகிறேன், 15 சதவிகிதம் வாங்கிய அன்றைக்குத் துளித்துளியாகப் பிரிந்தது. நீ இப்படிச் செய்: புளிக்காத எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடு, ஒரு ராத்திரி. அதில் பாதிக்குப் பாதி பால் க்ரீம் சேர்த்து அடி. சூடான குழம்பில் இரண்டு கரண்டி எடுத்து முதலில் அதில் கலக்கி, வெதுவெதுப்பானதும் வாணலியில் ஊற்று. திரியாது.

கடுகு பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுதவேண்டும் என்று நினைத்தேன். யெலேனா மொலகவேத்ஸ் என்ற அம்மாள் இளம் இல்லத்தரசிகளுக்காக எழுதிய பெரிய சமையல் புத்தகம் ஒன்று உண்டு, 1861-இல் முதலில் வந்தது. அதன் 1871-ஆம் வருஷப் பதிப்பில் இந்தச் சமையல் இருக்கிறது. பெயரே ‘கடுகு சேர்த்த ஸ்த்ரோகனவ் மாட்டிறைச்சி’. வெங்காயம் இல்லை, காளான் இல்லை, தக்காளி இல்லை. இரண்டு ஃபூந்த் இறைச்சி, அதாவது 800 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு ஸ்மெதானா வெறும் இரண்டு கரண்டி. கறிமேல் பூசினாற்போல இருந்திருக்கும். கூடவே சரெப்தா கடுகு. சரெப்தா என்பது வோல்கா நதிக்கரையில் 1765-இல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர், இன்றைக்கு வோல்காகிராத் நகருக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடுகு எது தெரியுமா? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கடுகு இனம்தான், மாப்ளே! ஐரோப்பிய வெள்ளைக் கடுகு இல்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் இது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அதனால் பாட்டில் எதையும் தேடாதே. கடுகைப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து ஒரு பத்து நிமிஷம் வை, காரம் ஏறும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் காரம் வராமலே போய்விடும். பிறகு உப்பு, துளி சர்க்கரை, வினிகர்.

ஸ்த்ரோகனவ் யார் என்று உன் பேரன் கேட்டால் சொல்ல: உப்புக் காய்ச்சியே பெரும் பணக்காரர்களான குடும்பம். சைபீரியாவுக்குக் கோசாக் தலைவன் யெர்மாக் படையெடுத்துப் போனதற்குப் பணம் கொடுத்தவர்கள். நெவ்ஸ்கி சாலையில் மோய்க்கா ஆற்றோரம் அந்த இளஞ்சிவப்பு மாளிகை, வெள்ளைத் தூண்களோடு, அதைக் கடந்து எத்தனை தடவை நடந்திருப்போம். அது அவர்களுடையதுதான். ரஸ்த்ரெல்லி என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. எந்த ஸ்த்ரோகனவ், எந்தச் சமையல்காரர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒதெஸ்ஸாவில் வாழ்ந்த அந்தக் குடும்பத்துக் கோமகன் வீட்டில் பிறந்தது என்பார்கள். ஒரு பிரெஞ்சுச் சமையல்காரர் 1891-இல் போட்டிக்கு அனுப்பியது என்பார்கள். புத்தகத்தில் அதற்கு இருபது வருஷம் முன்பே இருக்கிறதே, அதனால் அந்த இரண்டாவது கதையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பக்கத்தில் வைத்துக்கொள்ள, உருளைக்கிழங்கைத் தீக்குச்சி மாதிரி நறுக்கிப் பொரித்துக்கொள். ஒரு உப்பு வெள்ளரிக்காய் இருந்தால் விசேஷம். சோற்றோடும் நன்றாகவே இருக்கும்.

மாமியாரைப் பற்றி ஒன்று உனக்குச் சொன்னதில்லை. போரில் ஜெர்மன் படைகள் இந்த நகரத்தை முற்றுகையிட ஆரம்பித்த 1941-இல் அவருக்கு எட்டு வயது. அந்த நவம்பர், டிசம்பரில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அவ்வளவுதான் ரேஷன். அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். ஆனால் பெஃப்ஸ்த்ரோகனவ் பரிமாறி முடிந்ததும் வாணலியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டமாக, நிதானமாகத் துடைப்பார். மேஜையில் விழுந்த துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

நேற்று நாங்கள் இருவர் மட்டும்தான். சாப்பிட்டு முடித்து நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தால் என் மனைவி வாணலியை இழுத்து வைத்துக்கொண்டு, ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விளிம்பிலிருந்து உள்நோக்கி, அதே மாதிரி. நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

தயிரை இன்றைக்கு ராத்திரியே கட்டித் தொங்கவிடு. செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்