கண்காட்சிச் செய்தியில் விடுபட்ட நான்கு பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் தனியார் ஓவியக் கூடம் ஒன்றில் நடைபெற்றுவரும் விற்பனைக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளியான அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். "உள்ளூர் ஓவியர்கள் நால்வரின் படைப்புகள் வரவேற்பறைச் சுவருக்கு ஏற்ற அளவிலும் விலையிலும் கிடைக்கின்றன" என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த நால்வர் யார் யார் என்று கடைசி வரி வரை தேடினேன். கூடத்தின் உரிமையாளர் பெயர் இருக்கிறது. திறந்துவைத்த தொழிலதிபரின் பெயரும், குத்துவிளக்கேற்றிய அவருடைய துணைவியாரின் பெயரும் இருக்கின்றன. கட்டுரையோடு அச்சாகியுள்ள ஓவியத்தின் கீழே, அதைப் புகைப்படம் எடுத்த நிருபரின் பெயர்கூட இருக்கிறது. வரைந்தவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

மறுநாளே பேருந்து ஏறிப் போய்க் கண்காட்சியைப் பார்த்தேன். தாங்கள் அச்சிட்ட ஓவியம் ஆறடி அகலக் கித்தானில் அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டப்பட்ட கொள்ளிடத்து மணற்படுகை. அதை வரைந்த இளம்பெண், பூசிய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அடியிலிருக்கும் காவியை மேலே கொண்டுவந்திருக்கிறார். மணல் லாரிகளின் தடங்கள் அந்தத் தேய்ப்பிலேயே உருவாகின்றன. அந்த ஓவியத்தைக் கட்டுரையாளர் 'டெல்டாவின் பசுமை' என்கிறார். அதில் ஒரு துளிப் பச்சையும் கிடையாது. இன்னொருவர், பலகைப் படம் எனப்படும் தஞ்சாவூர் ஓவியத்துக்குரிய பழைய முறையில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பசையால் மேடு எழுப்பித் தங்க ரேக்கு பதித்திருக்கிறார். ஆனால் வெண்ணெய்க் கண்ணன் அமரும் இடத்தில் பாளம் பாளமாக வெடித்த வயல் கிடக்கிறது. அதன் முன் நெடுநேரம் நின்றேன். மூன்றாமவர் ஆற்று மதகுகளை மையால் கோட்டோவியங்களாகத் தீட்டியிருக்கிறார். நான்காமவரின் அரூப ஓவியங்கள் என் மனத்தில் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆயினும் அவருக்கும் பெயர் உண்டு.

தாங்கள் அறியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், கோயிலில் ஆடிய மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும் கல்லில் வெட்டிவைத்தான். அதே கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியிலிருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டு கண்டறிந்தார். கண்டறிந்தவரின் பெயரை அறிவோம். வரைந்தவர்களின் பெயர்களை அறிய இன்று வழியில்லை. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் புராண மன்னன் முசுகுந்தன் கதையை வரைந்த ஓவியர், தம் பெயர் சிங்காதனம் என்று அங்கேயே எழுதிவைத்தார். அதனால்தான் இன்று அவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலுவின் கையொப்பத்தைப் பத்திரிகைகள் படத்தோடு சேர்த்தே அச்சிட்டன. வாசகர்கள் அந்தக் கையொப்பத்தைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள். கும்பகோணத்துக்கு அருகில் பிறந்து 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களையோ, புகைப்படம் என்றே நம்பிப் பலர் கைப்பேசிகளில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர் இல்லாமல் படம் மட்டும் பயணம் செய்தால் அப்படித்தான் ஆகும்.

இதை என் பட்டறிவிலிருந்தும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் நீர்வண்ண ஓவியம் ஒன்று ஓர் ஓவியக் கூடத்தின் வழியாக விற்பனையாயிற்று. அடுத்த புத்தாண்டில் அதை ஒரு நகைக்கடையின் மாதக் காலண்டரில் கண்டேன். நான் கையொப்பமிட்டிருந்த மூலையை வெட்டிவிட்டு அங்கே கடையின் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். நேரில் போய்க் கேட்டபோது, காசு கொடுத்து வாங்கிய படம்தானே என்றார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தாலன்றி, ஓவியத்தை வாங்கியவருக்கு அதை அச்சிடும் உரிமை சேராது. அப்படி மாற்றிக் கொடுத்த பிறகும்கூட, இதைப் படைத்தவன் நான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரை விட்டு அகலாது. அங்கிருந்த ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அது குறித்து அப்போது தங்கள் இதழுக்கு எழுதிய கடிதமும் வெளிவரவில்லை.

பத்து ரூபாய்க்கு விற்றால் மூன்று முதல் ஐந்து ரூபாய் வரை கூடத்துக்குப் போவது வழக்கம். படத்துக்கு மரச்சட்டம் போடுகிற செலவும் ஏற்றிவருகிற கூலியும் பெரும்பாலும் ஓவியர் தலையில்தான். கூடம் நடத்துபவருக்கும் வாடகையும் மின்கட்டணமும் உண்டு என்பதால் இதை நான் குறைகூறவில்லை. ஆனால் வாங்கியவர் யார் என்பதும் பல வேளைகளில் ஓவியருக்குச் சொல்லப்படுவதில்லை. அந்நிலையில் அவருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றே. நல்கைக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது அவர் இணைக்க வேண்டியது பெயர் அச்சான செய்தித்தாள் நறுக்கு. கபடிப் போட்டியின் மாற்று ஆட்டக்காரர் வரை பெயர் போடுகிற தங்கள் இதழ், கும்பாபிஷேகத்துக்கு உபயம் தந்தவர்களை வரிசையாகப் பட்டியலிடுகிற தங்கள் இதழ், கோபுரத்துக்கு வண்ணம் தீட்டியவரை ஒருமுறையும் பெயர் சொல்லி எழுதியதாக எனக்கு நினைவில்லை. இத்தனை காலமாகப் படித்துவரும் இதழ் என்பதனால்தான் வருத்தம் கூடுகிறது.

கண்காட்சி இம்மாத இறுதி வரை நடைபெறும். வரும் ஞாயிறு இணைப்பிதழில் நால்வரின் பெயர்களையும் வெளியிட வேண்டுகிறேன். கட்டம் கட்ட இடமில்லையெனில் நான்கு வரி போதும். அவர்களுடைய இசைவைப் பெற்று, பிழை நேராதிருக்க அவர்களிடமே காட்டிச் சரிபார்த்து, பெயர்களையும் ஓவியத் தலைப்புகளையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். இனிமேல் ஓவியம் ஒன்றை அச்சிடும்போது, புகைப்படம் எடுத்தவரின் பெயருக்கு முன்னால் வரைந்தவரின் பெயரை இடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.