அந்தத் தேதியை எடுத்துவிடுங்கள்: எடைக் குறைப்புச் செயலிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

எடைக் குறைப்புச் செயலிகளையும் கலோரி கணக்கிடும் கருவிகளையும் உருவாக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கருவியைப் பயன்படுத்தியது என் அக்கா. வயது 46, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. மூட்டு வலிக்குப் போன இடத்தில் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். அக்கா ஒரு செயலியில் விவரங்களைப் போட்டாள். தினமும் 1,320 கலோரிக்குள் சாப்பிட்டால் 62 கிலோவுக்கு வந்துவிடலாம் என்று அது சொன்னது. அதோடு நிற்காமல், ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியையும் காட்டியது. அக்கா அந்தத் தேதியை அடுப்படிக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தாள்.

அந்த நாள் வந்தபோது எடை மெஷினில் 69.5. நாலரை கிலோ குறைந்திருந்தது. மாடிப்படி ஏறும்போது வலி முன்புபோல் இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நாள் அது. ஆனால் செயலி, இலக்கை எட்டவில்லை என்று சிவப்பில் காட்டியது. ஜிம்மில் பயிற்சியாளர், "கணக்கு பொய் சொல்லாது மேடம், நீங்கதான் எங்கேயோ ஏமாத்துறீங்க" என்றாராம். அன்று ராத்திரி போனில் அழுதாள். "திருட்டுத்தனமா ஒரு வாய் கூட தின்னலடி நான்" என்றாள். 46 வயதுப் பெண் அப்படி ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு பொய் சொல்லாது என்பது சரி. எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தேன்.

உங்களில் பலர் பயன்படுத்துவது 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு. எடையைப் பத்தால் பெருக்க வேண்டும், உயரத்தை ஆறேகாலால் பெருக்கிக் கூட்ட வேண்டும், வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும், பெண் என்றால் இன்னொரு 161 கழிக்க வேண்டும். அக்காவுக்கு 1,324 வருகிறது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி அது. அமெரிக்காவில் 498 பேரை அளந்து கண்டுபிடித்த சமன்பாடு இது. அதற்கு முன்னோடியான ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாடு 1919-இல் 239 பேரை வைத்துப் போடப்பட்டது. இரண்டும் அருமையான வேலைகள். ஆனால் இரண்டும் தருவது சராசரியை. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 62 என்றால், அடுத்த பரீட்சையில் கடைசி பெஞ்சுப் பிள்ளை 62 வாங்கும் என்று நான் முன்கூட்டியே ரிப்போர்ட் கார்டில் எழுத முடியாது. எழுதிவிட்டு, அது 51 வாங்கினால் திட்டவும் முடியாது.

இந்தச் சமன்பாடு தரும் எண்ணை, மூச்சுக்காற்றை அளந்து கண்டுபிடிக்கும் உண்மையான எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உடல் பருமன் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்குத்தான் அது 10 சதவீதத்துக்குள் வருகிறது. மீதி மூன்று பேருக்கு முதல் படியிலேயே கணக்கு அதைவிட அதிகமாக விலகிவிடுகிறது. உங்களைத் தேடி வருகிறவர்களில் பலர் பருமனானவர்கள்தானே?

அடுத்த படி இன்னும் ஆட்டம் காண்கிறது. அன்றாட உழைப்பு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அக்கா 'லேசான உழைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். 1,324-ஐ 1.375-ஆல் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு 1,820. எடை குறைவதற்காக அதில் 500 கழித்து 1,320 என்று கொடுத்திருக்கிறீர்கள். அவள் 'பெரும்பாலும் உட்கார்ந்த வேலை' என்று தொட்டிருந்தால் 1.2-ஆல் பெருக்கி 1,589 என்று வந்திருக்கும். விரல் ஒரு கோடு மேலே போனால் 230 கலோரி மாறுகிறது. வீட்டைப் பெருக்கி, துணி துவைத்து, மதியம் தையல் மெஷினில் மூன்று மணி நேரம் உட்காரும் ஒருத்தி எந்தக் கட்டத்தில் வருவாள்? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவள் உடம்பின் ஓய்வுச் செலவு சமன்பாட்டைவிட 10 சதவீதம் குறைவு, உழைப்பும் 1.2 தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் செலவு 1,430. அவள் சாப்பிடுவது 1,320. பற்றாக்குறை 500 இல்லை, 110. உங்கள் முறைப்படியே ஒரு கிலோ குறைய 7,700 கலோரி என்று கணக்கிட்டால், 185 நாளில் 12 கிலோ குறைய வேண்டியவளுக்கு 2.6 கிலோதான் குறையும். ஒரே பெண், ஒரே சாப்பாடு, ஒரே ஒழுங்கு. பன்னிரண்டும் வரலாம், இரண்டரையும் வரலாம். அக்காவுக்கு நாலரை வந்தது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இந்த 10 சதவீதம் நான் சும்மா எடுத்த எண் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2010-இல் வெளியிட்ட ஊட்டச்சத்து அறிக்கை, சர்வதேசச் சமன்பாடுகள் தருவதைவிட இந்தியர்களின் ஓய்வுச் செலவு சுமார் 5 சதவீதம் குறைவு என்று எடுத்துக்கொண்டது. அது சராசரி என்றால், தனி ஆளுக்கு 10 ஆகவும் இருக்கலாம். புணேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அந்தப் படத்தை நான் என் மாணவர்களுக்கும் காட்டியிருக்கிறேன். கொழுப்பைவிடத் தசை அதிகம் எரிக்கும். உங்கள் சமன்பாட்டில் எடைக்கு இடம் இருக்கிறது, அந்த எடை எதனால் ஆனது என்பதற்கு இடமே இல்லை.

ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. 62 கிலோவுக்கு வந்துவிட்ட அக்காவை உங்கள் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் செலவு 1,656 என்று வருகிறது. அப்போது பற்றாக்குறை 336-ஆகச் சுருங்கிவிடும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்று உங்கள் சூத்திரமே சொல்கிறது. ஆனாலும் 500 என்பதைக் கடைசிநாள் வரை அப்படியே இழுத்து, நேர்கோடு போட்டுத் தேதி சொல்லியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் சுழித்துத் திருப்பிக் கொடுக்கும் பிழை இது.

அந்த நேர்கோடு, மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற டாக்டர் 1958-இல் எழுதிய கட்டுரையின் வழி வந்தது. ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்றார் அவர். கிலோவுக்கு மாற்றினால் அதுதான் உங்கள் 7,700. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-இல் அதைத் திருத்தினார்கள். சாப்பாட்டை ஒரே அளவில் குறைத்து வைத்தால், வரவேண்டிய எடை மாற்றத்தில் பாதிதான் சுமார் ஒரு வருடத்தில் வரும், கிட்டத்தட்ட முழுமையும் வர மூன்று வருடம் ஆகும் என்று காட்டினார்கள். அதற்கான கணிப்பானையும் பொதுமக்களுக்காக இலவசமாக வெளியிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய வளைகோடு பல வருடங்களாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் உடம்பின் செலவு இயல்பாகவே இருந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பொய் சொல்லித்தான் கணக்கு தப்ப வேண்டும் என்பதில்லை. செயலியில் 'ஒரு தோசை' என்று இருக்கிறது. எந்தக் கல்லில், எத்தனை கரண்டி மாவில்? ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. நாலு தோசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் கூடிப்போனால் 160 கலோரி, கண்ணுக்கே தெரியாமல். பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயை யாரும் அளப்பதில்லை. சமைப்பவள் ருசி பார்ப்பதும், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துப் போடுவதும் அவளுக்குச் சாப்பாடாகவே தோன்றாது.

சரி, எல்லாவற்றையும் சரியாக அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கிளாட் பூஷார் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் கனடாவில் அப்படித்தான் அளந்தார்கள். 12 ஜோடி ஒத்த இரட்டையர்களைக் கண்காணிப்பில் வைத்து, மொத்தம் 84 நாள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது. உங்கள் கணக்குப்படி எல்லோருக்கும் கிட்டத்தட்ட 11 கிலோ ஏறியிருக்க வேண்டும். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3. ஒரே ஜோடிக்குள் மட்டும் ஏற்றம் பெரும்பாலும் ஒத்துப்போனது. எடையைக் கூட்டிப் பார்த்த சோதனை அது. குறைக்கும்போது மட்டும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி நடக்கும் என்று எண்ண எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கலோரிக் கணக்கையே தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்ததால்தான் அக்காவுக்கு நாலரை கிலோ குறைந்தது. தொடங்குவதற்கு ஓர் எண் வேண்டும், அதற்குச் சமன்பாடு போதும். அப்புறம் அந்த ஆளின் எடையே பேசட்டும். நாலு வாரம் எடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருநாள் உப்பு கூடினாலும் மாதவிலக்கு நெருங்கினாலும் முள் ஏறும் என்பதால் வாரச் சராசரியைப் பாருங்கள். அதிலிருந்து அவர் உடம்பின் செலவைத் திரும்பக் கணக்கிட்டு, இலக்கையும் திருத்துங்கள். சில செயலிகள் ஏற்கெனவே இதைச் செய்கின்றன, உங்களாலும் முடியும். தேதி போடும் இடத்தில், 'ஆறு மாதத்தில் மூன்று முதல் பத்து கிலோ வரை குறையலாம்' என்று ஓர் இடைவெளியைப் போடுங்கள். சிவப்பு எழுத்தை எடுத்துவிடுங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால், 'உங்களுக்கு நாங்கள் போட்ட கணக்கு தவறியிருக்கலாம்' என்று ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி அன்றைக்கு வந்திருந்தால், அந்தப் பயிற்சியாளரிடம் காட்டுவதற்கு அக்காவின் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

அக்கா இப்போது அந்தச் செயலியைத் திறப்பதில்லை. ராத்திரி சாதத்தைப் பாதியாக்கியிருக்கிறாள், சாயங்காலம் நடக்கிறாள், ஞாயிறு காலையில் எடை பார்த்து அதே காலண்டரில் பென்சிலால் எழுதுகிறாள். போன வாரம் 68.8. உங்கள் அடுத்த பதிப்பில் அந்தத் தேதி இல்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி பதிவிறக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை