லாரி வராத நாளில் குச்சிக்கிழங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

ஊரில் சும்மா கிடக்கும் நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஊன்றலாமா, நட்டம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டிருந்தாய். யாரைக் கேட்டாலும் முதலில் பூச்சியைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை. 2020-ல் கேரளாவில் தென்பட்ட புது மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோது குருத்தெல்லாம் சுருண்டு முடிச்சு விழுந்து செடி குட்டையாக நின்றுவிட்டது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு பொடிக் குளவியை வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தீர்த்துவிடும். வெள்ளை ஈ பரப்பும், இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோய் வேறு இருக்கிறது. ஐப்பசி மழையில் பள்ளக்காட்டில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். காட்டுப்பன்றிக் கதையை நேரில் சொல்கிறேன், எழுதினால் கோபம்தான் வரும்.

இவையெல்லாம் விளைவதற்கு முன்னால் வரும் நட்டம். நன்றாக விளைந்த கிழங்கு வீணாவதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உருளைக்கிழங்கு மாதக்கணக்கில் கிடக்கிறதே, இது ஏன் கிடக்காது என்று நினைப்பாய். உருளை என்பது தண்டு. அதில் கண் இருக்கிறது, அடுத்த செடி அதிலிருந்துதான் வரவேண்டும். நம் குச்சிக்கிழங்கு வெறும் வேர். தண்டை வெட்டிய குச்சியை ஊன்றித்தான் அடுத்த செடி வருகிறது என்னும்போது, மண்ணைவிட்டு வந்தபின் அது உயிர்பிடித்துக் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. பறித்த இரண்டு மூன்று நாளில் குறுக்கே வெட்டிப் பார், தோலை ஒட்டி நீலமும் கறுப்புமாக நூல் நூலாக ஓடியிருக்கும். எந்தக் கிருமியும் வேண்டாம், காயம் பட்ட இடத்தில் காற்றுப் பட்டாலே போதும். அழுகல் அதற்குப் பிறகுதான் வரும்.

காயம் எப்படிப் படுகிறது தெரியுமா? காய்ந்து இறுகிய செம்மண்ணில் ஆள் தண்டைப் பிடித்து மொத்தமாக இழுப்பார். நுனி மண்ணுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், மேலே வந்ததும் கழுத்தில் பிய்ந்திருக்கும். சில நாள் முன்பே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, காம்பில் கொஞ்சம் விட்டு வெட்டினால் பாதிக் காயம் குறையும். பறிக்க இரண்டு மூன்று வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டால் கறுப்பதும் தள்ளிப்போகும். ஆனால் மாவுச்சத்து கொஞ்சம் இறங்கும். சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், மாவுச்சத்தின் அளவான பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அதனால் ஆலைக்கு விடுகிறவன் அதைச் செய்யமாட்டான், சமையலுக்கு விற்கிறவன் தாராளமாகச் செய்யலாம்.

இதற்கெல்லாம் மேலே லாரி. தரகர் நாள் சொல்வார், ஆளைக் கூப்பிட்டுப் பறித்துப் போடுவோம், ஆலையில் வரிசை என்று வண்டி வராது. குவியல் வெயிலில் கிடக்கும். சரி, பறிக்காமல் விடலாம் என்றால், கோடை மழை விழுந்ததும் செடி புதுத் துளிர் விட்டுக் கிழங்கிலிருக்கும் மாவையே தின்னும். பாயிண்ட் போச்சு. இன்னும் தள்ளினால் நார் ஏறிவிடும். பறித்தாலும் நட்டம், பறிக்காவிட்டாலும் நட்டம். தேதி நம் கையில் இல்லாததுதான் இந்தப் பயிரின் பெரிய நோய் என்பேன்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் 2019 அறிக்கையில், அறுவடைக்குப் பின் கடைக்குப் போவதற்குள் உலகத்தில் வீணாகும் உணவு சுமார் 14 சதவீதம் என்றும், கிழங்கும் எண்ணெய்வித்தும் சேர்ந்த வகையில் 25 சதவீதம் என்றும் போட்டிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உனக்கு நான் சொல்வது இதுதான்: முழு நிலத்திலும் ஒரே நாளில் ஊன்றாதே. மூன்று தவணையாக, மாதம் விட்டு ஊன்று. ஒரு லாரி ஏமாற்றினால் ஒரு பங்குதான் போகும். குச்சியைத் தேமல் இல்லாத செடியிலிருந்து எடு. பொங்கலுக்கு வருவாய் அல்லவா? நேரே காட்டுக்குப் போய்ப் பார்ப்போம், ஆலைக்காரர் ஒருவரிடமும் பேசிவிடலாம். தங்கச்சியையும் அழைத்து வா.

இப்படிக்கு,
உன் மச்சான்