வரைபட விதிகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் கட்டட வரைவாளர். எங்கள் அலுவலகம் ஒரு திட்டத்தைச் சிங்கப்பூர், ஜோகூர் பாரு, சென்னை என மூன்று இடங்களில் பிரித்து வரைந்தது. எல்லாரிடமும் கணினியில் வரையும் ஆட்டோகேட் மென்பொருள்தான். ஆனால் பிளாட் ஸ்டைல் கோப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று. கோட்டின் நிறத்தைப் பார்த்து அச்சில் எவ்வளவு தடிமனாக விழ வேண்டும் என்று முடிவு செய்வதே அந்த சி.டி.பி கோப்புதான். எங்களிடம் சிவப்பு 0.5 மில்லிமீட்டர், சென்னையில் அதே சிவப்பு 0.18. திரையில் ஒன்றும் தெரியாது, அச்சடித்த பிறகு பார்த்தால் சுவரும் அளவுக்கோடும் ஒரே தடிமன். வேலையிடத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் எது சுவர் என்று கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

லேயர், அதாவது சுவர், கதவு என்று வகைவகையாகக் கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு, அதன் பெயர்களும் அப்படியே ஆளுக்கு ஒன்று. எக்ஸ்ரெஃபில், அதாவது நம் வரைபடத்தோடு இணைத்துக் காட்டும் இன்னொரு வரைபடத்தில், சுவர் லேயரை அணைத்தால் பாதிச் சுவர் போகும், மீதி நிற்கும். ஏன் என்று சென்னையில் கேட்கலாம், ஆனால் அங்கே ஒன்பது மணி ஆகும்போது நமக்குப் பதினொன்றரை.

விதிகள் இல்லாமல் இல்லை. லேயருக்குப் பெயர் வைக்கும் முறையைச் சிங்கப்பூரின் சி.பி. 83 என்ற நடைமுறை விதித்தொகுப்பு எப்போதோ வகுத்துவிட்டது. நாங்களும் லேயர் முதலான அமைப்புகள் அடங்கிய டெம்ப்ளேட்டை (தொடக்கக் கோப்பை) மின்னஞ்சலில் எல்லாருக்கும் அனுப்பினோம், அங்கேதான் தப்பு நடந்தது. அவரவர் கணினியில் சேமித்து, அவசரத்துக்கு அவரவர் மாற்றி, கடைசியில் எது மூலம் என்று யாருக்கும் தெரியவில்லை. டெம்ப்ளேட், சி.டி.பி, எழுத்துருக்கள் எல்லாம் ஒரே பகிர்வுக் கோப்புறையில் இருக்கட்டும், எல்லாரும் படிக்கலாம், ஒருவர் மட்டுமே மாற்றலாம். வரைபடத்தை அனுப்பும் முன் விதிகளைப் பதிந்து வைக்கும் டி.டபிள்யூ.எஸ் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டோகேடிலேயே வசதி இருக்கிறது, சில நிமிட வேலைதான்.

இனி எல்லாம் பிஐஎம் தானே, அதாவது கட்டடத்தையே விவரங்களோடு முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் அமைப்பதுதானே, என்கிறார்கள் சிலர். சரி, கட்டட அனுமதிக்கு மாதிரிகளைச் சமர்ப்பிக்க 2023 டிசம்பரில் தொடங்கிய சிங்கப்பூர் அரசுத் தளமான கோர்நெட் எக்ஸிலும், அதற்கான தரவு வடிவமான ஐ.எஃப்.சி-எஸ்.ஜி சொல்லும் பெயர்களில்தானே விவரங்களைக் கொடுக்க வேண்டும்? பழக்கம் சரியில்லை என்றால் அங்கேயும் இதே பாடுதான்.

திட்ட மேலாளர்களிடம் நான் கேட்பது நேரம். இந்தக் கோப்புகளையும் விதிகளையும் கவனிக்கும் வேலையை அனுபவமுள்ள ஒரு வரைவாளரின் பெயரில் எழுதி, அதற்கான மணிநேரத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துக்கொள் என்று சொன்னால் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் வரைவாளர் யாரும் சும்மா இருப்பதில்லை. அடுத்த திட்டத்துக்கு வாரம் நான்கு மணி நேரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சென்னை நண்பர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர், ஜூரோங் வெஸ்ட்