பாப்பாவுக்கு, ஜன்னல திறந்து வெச்சுக்கோ

பாப்பா,

சாப்பிட்டியா? அப்பா தெவசத்துக்கு நீ வரலன்னு நான் ஒண்ணும் கோவிச்சுக்கல, பரோடால இருந்து டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னே, சரி. ஆனா அன்னிக்கு போன்ல இருமிட்டே இருந்தே, அதுக்கப்புறம் போனே காணோம், மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் வருது. அந்த ஆசிட்டுதானே? படம் அச்சு போடறதுக்கு துத்தநாக தகட்ட ஆசிட்ல போட்டு, மேல கட்டற குமிழிய கோழி இறகால தள்ளி விடணும்னு நீதான சொன்னே. குனிஞ்சுதான தள்ளுவ, அந்த புகை எங்க போகும், மூக்குக்குள்ளதான. ஜன்னல திறந்து வெச்சுக்கோ.

குன்னூர்ல மழை விட்டபாடில்ல. மத்தபடி ஒண்ணுமில்ல.

நீ விட்டுட்டுப் போன, அச்சுப் படம் போடற ஜரீனாவப் பத்தின புத்தகத்த பக்கத்து வீட்டு டீச்சர் படிச்சு சொன்னாங்க. 1937ல அலிகார்ல பொறந்தவங்க, கணக்குல டிகிரி வாங்கிட்டு அப்புறம் பாரிஸ் போய் ஹேட்டர்ங்கறவரோட அச்சுப் பட்டறைல தகடு வேலை, டோக்கியோல மரக்கட்டை வேலைன்னு கத்துக்கிட்டாங்களாம். பாரு, டிகிரிய முடிச்சுட்டு! நீ கடைசி வருஷம் பரிச்சைக்கே போகாம... விடு, இப்ப எதுக்கு. நீ கட்டைல செதுக்கி அச்செடுத்த பாட்டி படத்த ஹால்லதான் மாட்டிருக்கேன், வர்றவங்க எல்லாத்துக்கும் காட்டறேன். அஞ்சு பிரதில இது மூணாவதுன்னு கீழ பென்சில்ல 3/5ன்னு நீ போட்டிருக்கறத பாத்து அஞ்சுக்கு மூணு மார்க்குதானான்னு உங்கப்பா கேட்டாரே, ஞாபகம் இருக்கா?

அந்த ஜரீனாவோட அக்கா ராணி, கராச்சில இருந்தவங்க, அப்பா அம்மா செத்தது, வீட்ட வித்ததுன்னு எழுதி எழுதி, போஸ்ட் பண்ணாமலே வெச்சிருந்தாங்களாம். அந்த உருது லெட்டருங்க மேல வீட்டு பிளான்லாம் கறுப்பா வர்ற மாதிரி 2004ல எட்டு பிரிண்ட் போட்டிருக்காங்க. அந்த பக்கத்த தாண்டி டீச்சர படிக்க விடல நான்.

2009 நவம்பர்ல நம்ம பக்கத்துல கேத்தி ஊர்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சே, ரோடு ரயிலு எல்லாம் போச்சு, கேஸ் லாரி மேல வரல. விறகு பூரா ஈரம். பரண்ல உன் கட்டைங்க மட்டும்தான் காஞ்சு கெடந்துச்சு, மாமா அறுத்துக் குடுத்த சில்வர் ஓக் பலகை. பாட்டி கொழுந்து கூடைய மாட்டிட்டு நிக்கற கட்டைய நான்தான் அடுப்புல வெச்சேன் கண்ணு. மை ஊறின மரம் ஒரே புகை. நீ செதுக்கி மேல நிறுத்தின கோடெல்லாம் முதல்ல பத்திக்கிச்சு, கூடைப் பின்னல் ஒவ்வொண்ணா செவந்து செவந்து அணைஞ்சுது. பாத்துட்டே உக்காந்திருந்தேன், எடுக்கல.

குளிருக்குன்னு சொல்லலாம், பாதிதான் நெசம். நீ பரிச்சைய விட்டுட்டுப் போன கோவம். உன்கிட்ட கரையான் அரிச்சுதுன்னு அப்பா தூக்கிப் போட்டுட்டார்னு சொன்னேன், அந்த மனுசனும் ஆமான்னு தலைய ஆட்டிட்டாரு. கடைசி வரைக்கும் நீ அவருக்கு மொகம் குடுத்துப் பேசல. அது எனக்கு சேர வேண்டியது.

கட்டை போனா அந்த படம் திரும்ப எடுக்கவே முடியாதாமே, டீச்சர் சொல்லித்தான் தெரியும். மிச்சம் நாலு யாருகிட்ட இருக்கு? எழுது, திட்டியாவது எழுது.

பார்சல்ல தைலம் வெச்சிருக்கேன், நெஞ்சுல தடவிக்கோ. ஜன்னல மறந்துடாத. மாமாகிட்ட சொல்லி பலகை ஒண்ணு அறுத்து வாங்கி பரண்ல போட்டிருக்கேன், இந்த மழைல எப்ப காயும்னு தெரியல.

அம்மா