சிங்கப்பல் எங்கே நிற்கிறது?

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலிதான் படுத்துகிறது, மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

நீ அனுப்பிய போட்டோவில் மூத்தவள் அப்படியே உன் சிரிப்பு. முன்பல்லுக்கு அடுத்தாற்போல உனக்கு ஒரு குட்டிப்பல் உண்டே, ஹாஸ்டலில் 'அரிசிப்பல்' என்று கூப்பிட்டு உன்னை அழவைப்போமே, அதுவும் அவளுக்கு வந்திருக்கிறது. பல் டாக்டர் புத்தி எங்கே போகும், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கப்பல், அதாவது கூரான கோரைப்பல், வரவேண்டிய இடத்தில் இன்னும் பால்பல் இருக்கிறது. பத்து வயதில் அது இருக்கலாம், தப்பில்லை. ஆனால் பக்கத்தில் அந்தக் குட்டிப்பல்லும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேல்வரிசைச் சிங்கப்பல் மூக்குக்குப் பக்கத்தில், எலும்புக்குள் ரொம்ப உயரத்தில் உருவாகிறது. அங்கிருந்து பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை ஒட்டியே இறங்கி, 11, 12 வயதில் ஈறைத் தாண்டும். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அது வழிமாறி எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளிப்பக்கம் மேலே ஏறி நிற்கும் சிங்கப்பல்லை நீ நிறையப் பார்த்திருப்பாய், அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வார்கள். அது பெரும்பாலும் இடநெருக்கடியால் வருவது. அண்ணத்துப் பக்கம் புதைவது வேறு கதை. அங்கே பெரும்பாலும் வரிசையில் இடம் தாராளமாக இருக்கும், பல்தான் வராது.

ஏன் என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை. பக்கத்து வெட்டுப்பல் உன் மகளுக்குப்போலக் குட்டியாகவோ இல்லாமலோ இருந்தால், பிடித்து இறங்க வேர் கிடைக்காமல் சிங்கப்பல் தடம் மாறுகிறது என்பார் ஜெருசலேமின் ஏட்ரியன் பெக்கர். இல்லை, எல்லாம் பரம்பரை என்று 1994-இல் ஷெல்டன் பெக்கும் கூட்டாளிகளும் எழுதினார்கள். குட்டிப்பல், முளைக்காத பல், புதைந்த சிங்கப்பல் எல்லாம் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதுதான் அவர்கள் காட்டிய ஆதாரம். எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகவே படுகிறது. எது சரியானாலும் குட்டிப்பல்லைப் பார்த்தால் சிங்கப்பல்லைத் தேடு என்பதில் மாற்றமில்லை. உன் அத்தைக்கு ஒரு பல் முளைக்கவே இல்லை என்று சொல்வாயே, அதையும் இதோடு சேர்த்துக்கொள்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், பதினைந்து வயது. பால்பல் ஆடவே இல்லை, வலியும் இல்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஓ.பி.ஜி., அதாவது தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே, எடுத்தால் சிங்கப்பல் படுத்துக் கிடக்கிறது, நுனி வெட்டுப்பல்லின் வேர்மேல். முப்பரிமாண ஸ்கேனான சி.பி.சி.டி.யில் பார்த்தபோது அந்த வேர் கொஞ்சம் கரைந்தே போயிருந்தது. இதுதான் இந்தப் பல்லின் கெட்ட குணம், சத்தமே போடாமல் பக்கத்துப் பல்லைத் தின்னும். அண்ணத்து ஈறைத் திறந்து, மேலே மூடியிருந்த எலும்பைச் சுரண்டி, பல்லின் முகம் தெரிந்ததும் ஒரு சின்னப் பட்டனை ஒட்டினோம். அந்த நேரத்தில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் பசை பிடிக்காது. பட்டனில் இருந்து தங்கமுலாம் பூசிய மெல்லிய சங்கிலி வெளியே வரும், அதைக் கிளிப்போடு கட்டி மெதுவாக இழுக்கவேண்டும். "முடிஞ்சதும் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று அவள் அம்மா கேட்டார்கள். கிளிப்பெல்லாம் கழற்ற ஒன்றரை வருஷமாவது ஆகும்.

உன் மகளுக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். பத்து வயதில் பால்பல்லுக்கு மேலே, உதட்டைத் தூக்கி ஈறைத் தடவினால் சிங்கப்பல்லின் புடைப்பு கையில் தட்டுப்படவேண்டும். இரண்டு பக்கமும் இருந்தால் நிம்மதியாக இரு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால்தான் கவலை. உள்ளூர் டாக்டரே தடவிப் பார்க்கட்டும், சந்தேகம் வந்தால் ஓ.பி.ஜி. எடுக்கச் சொல்வார்.

அண்ணத்துப் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தால் பால்பல்லைப் பிடுங்கச் சொல்லலாம். 'நல்லா இருக்கிற பல்லை எதுக்குப் பிடுங்கணும்' என்று நீ குதிப்பாய், தெரியும். ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து 1988-இல் எழுதினார்கள். 46 பற்களில் 36 தானாகவே வழிக்கு வந்தன. நுனி ரொம்ப நடுப்பக்கம் போகாத பற்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அதனால்தான் வயது முக்கியம். தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல், பயமுறுத்தாதே.

படம் எடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஃபிலிமாகக் கொடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடு, இடப்பக்கத்தைக் காட்ட 'எல்' என்று எழுதியிருக்கும் மூலையும் தெரியட்டும். போன தடவை உன் தம்பி அனுப்பியதில் அவன் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்